ராணுவ த்ரில்லரில் யார் யார் என்று குழம்பாமல் இருக்க

ராணுவ த்ரில்லர் நாவலைப் பாதியில் மூடி வைப்பவர்கள் பெரும்பாலும் கதைக்குப் பயந்து மூடுவதில்லை. பதவிப் பெயர்களும் சுருக்கெழுத்துகளும்தான் ஆளைக் கவிழ்த்துவிடும். புக்மார்க்குக்குப் பதிலாக ஒரு வெற்று அட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். புதுப் பாத்திரம் வந்ததும் பெயர், பதவி, எந்தப் படை என்று குறித்துவிடுங்கள்.

படையை ஏன் எழுத வேண்டும்? அமெரிக்கத் தரைப்படையில் கேப்டன் என்றால் பெரும்பாலும் 'கம்பெனி' எனப்படும் சிறு படைப்பிரிவை நடத்தும் இளம் அதிகாரி. கடற்படைக் கேப்டனோ தரைப்படைக் கர்னலுக்குச் சமம். இது தெரியாவிட்டால் யார் யாருக்கு சல்யூட் அடிக்கிறார்கள் என்பதே புரியாது.

விமானங்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. சோவியத், ரஷ்ய விமானங்களுக்கு நேட்டோ வைத்த பெயர்களின் முதல் ஆங்கில எழுத்தைப் பாருங்கள். எஃப் என்றால் சண்டை விமானம், பி குண்டுவீச்சு விமானம், எச் ஹெலிகாப்டர். மிக்-29 'ஃபல்க்ரம்', டியூ-95 'பேர்', எம்ஐ-24 'ஹைண்ட்' எல்லாம் இந்தக் கணக்குதான்.

அப்புறம், அத்தியாயத்தின் தலையில் '0300 ஸூலு' என்று இருந்தால் தாண்டிக் குதிக்காதீர்கள். அது கிரீன்விச் நேரப்படி அதிகாலை 3 மணி. வெவ்வேறு கண்டங்களில் நடக்கும் காட்சிகளில் எது முந்தியது என்பதை அந்த ஒரு வரிதான் சொல்லும். கப்பல் வேகம் 30 நாட் என்றால் மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர்.

துப்பாக்கியின் பாகங்களைப் பக்கம் பக்கமாக வர்ணித்தால் தாராளமாகப் புரட்டிவிடலாம். கதைக்கு ஒன்றும் ஆகாது.