பெங்களூருவில் பால் பண்ணை ஐஸ்கிரீம்: குடும்பத்தோடு போய்வருவது எப்படி?

பலகையில் பசு மாட்டுப் படமும் ‘ஃபார்ம் ஃப்ரெஷ்’ என்ற எழுத்தும் இருந்துவிட்டால் அது பண்ணைக் கடை ஆகிவிடாது. தேவனஹள்ளி சாலை, கனகபுரா சாலை, சர்ஜாபூர் பக்கம் என்று எங்கே போனாலும் இப்படிப் பலகைகள் கண்ணில் படுகின்றன. சில இடங்களில் கடைக்குப் பின்னாலேயே தொழுவம் இருக்கும். சில இடங்களில் ஐஸ்கிரீம் வேறெங்கோ தயாராகி வேனில் வந்து இறங்கும். மாடு, பால், ஐஸ்கிரீம் மூன்றையும் ஒரே மதியத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றால் கிளம்பும் முன்பே கொஞ்சம் விசாரிக்க வேண்டும். இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார் எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பழகிய முறையை இங்கே எழுதுகிறேன். வழி பார்ப்பது, பார்க்கிங் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

1. எந்த மாதிரி இடம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் ஊருக்குள்ளேயே தொடங்குவது நல்லது. ஓசூர் சாலையில் ஆடுகோடியில் தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் இருக்கிறது. 1923இல் வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய இடம் அது. 1955இல் தலைமையகம் ஹரியானாவின் கர்னாலுக்குப் போனாலும் பெங்களூரு நிலையம் இங்கேயே தங்கிவிட்டது. 1927இல் காந்தி உடல் தேறுவதற்காக நந்தி மலையிலும் பெங்களூருவிலும் தங்கியிருந்தபோது, மாடு வளர்ப்பைக் கற்றுக்கொள்ள இந்த இடத்துக்குத்தான் வந்தார். பெரிய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் அந்த வளாகத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிடுகிறது. ஆராய்ச்சி வளாகம் என்பதால் உள்ளே நினைத்தபடி சுற்ற முடியாது. நம் வேலை பால் விற்பனை நிலையத்தோடு சரி. எல்லாப் பண்டமும் எல்லா நாளும் இருக்காது, போன் செய்துவிட்டுப் போங்கள்.

ஒரு முழு நாள் ஒதுக்க முடியும் என்றால் திப்டூர் பக்கம் போகலாம். தேங்காய்க்கும் கொப்பரைக்கும் பேர்போன ஊர். அக்‌ஷயகல்பா ஆர்கானிக் பால் நிறுவனம் தொடங்கியது அந்த ஊரில்தான். முன்பதிவு செய்துகொண்டு பண்ணையைப் பார்க்கப் போகலாம். மாமனாருக்குக் கார் பயணம் ஒத்துவராது என்றால் அர்சிகெரே பக்கம் போகும் ரயிலில் ஏறித் திப்டூரில் இறங்கலாம்.

மற்றவை எல்லாம் ஊரைச் சுற்றியுள்ள சின்னச் சின்னத் தனியார் பண்ணைகள். பத்து, இருபது மாடு, முன்னால் ஒரு கடை, நிழலுக்கு நாலு பெஞ்சு. எனக்குப் பிடித்தவை இவைதான். உடைமையாளரே கடையில் நிற்பார், கேட்டதற்குப் பதில் கிடைக்கும்.

2. போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்

முதல் கேள்வி: ஐஸ்கிரீம் இங்கேயே செய்கிறீர்களா?

இரண்டாவது: எந்தக் கிழமையில் கடைகிறீர்கள்? சின்னப் பண்ணையில் தினமும் கடைய மாட்டார்கள்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம்: கிரீம் எங்கிருந்து வருகிறது?

இதை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி வெறும் ‘ஐஸ்கிரீம்’ என்ற பெயரில் விற்கும் சரக்கில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். இங்கே பண்ணைகளில் அதிகம் நிற்கும் கறுப்பு வெள்ளை எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) மாட்டின் பாலில் கொழுப்பு சுமார் மூன்றரை சதவீதம்தான். ஜெர்சி என்றால் கொஞ்சம் கூடுதல். ஆக, கறந்த பாலை அப்படியே உறைய வைத்து ஐஸ்கிரீம் செய்ய முடியாது. செப்பரேட்டர் மெஷினில் கிரீமைப் பிரித்துச் சேர்க்க வேண்டும், அல்லது வெளியிலிருந்து கிரீம் வாங்க வேண்டும். சொந்தமாகப் பிரிக்கிறவர் இந்தக் கேள்விக்கு உற்சாகமாகப் பதில் சொல்வார், மெஷினைக் காட்டவும் கூப்பிடுவார். ‘எல்லாம் ப்யூர் பால் மேடம்’ என்பதோடு ஒருவர் நிறுத்திக்கொண்டால் இன்னொரு தடவை கேளுங்கள்.

பால் பவுடர் சேர்க்கிறோம் என்று அவர் சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம். ஐஸ்கிரீமில் மொத்தத் திடப்பொருள் குறைந்தது 36 சதவீதம் இருக்க வேண்டும் என்பதும் விதி. பாலில் தண்ணீர்தான் அதிகம். பவுடர் சேர்க்காவிட்டால் நாக்கில் ஐஸ் கட்டி நெருடும். அதே போல 412 என்று எண் போட்ட பொருளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பிசின் அது.

3. பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

இதில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள், ஏனென்றால் எத்தனை பேசினாலும் பெட்டி பொய் சொல்லாது.

பெட்டியின் ஓரத்தில் ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெயோ வனஸ்பதி வகையோ சேர்ந்திருக்கிறது. அதைச் சாப்பிடக் கூடாது என்றில்லை. மாட்டைப் பார்க்க வந்த இடத்தில் அதை வாங்குவதில் அர்த்தமில்லை, அவ்வளவுதான். ‘மீடியம் ஃபேட்’ என்றிருந்தால் கொழுப்பு இரண்டரை சதவீதத்துக்கு மேல், பத்துக்குக் கீழ். அதுவும் பால்தான்.

அடுத்தது எடை. ஐஸ்கிரீம் கடையும்போது உள்ளே காற்று புகும். காற்று இல்லாவிட்டால் கல் மாதிரி இறுகிவிடும், அதனால் காற்று வேண்டும். ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு: 1 லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும். அப்படியானால் அரை லிட்டர் பெட்டி ஏறக்குறைய 263 கிராம். கடைத் தராசில் பிள்ளைகளை விட்டே நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பெட்டியின் எடையைக் கழித்துக்கொள்ளட்டும். என் பெரியவள் இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் இரண்டு கையில் இரண்டு பெட்டியைத் தூக்கிப் பார்த்து ‘இதுல காத்து ஜாஸ்தி’ என்கிறாள். நல்ல பண்ணைப் பெட்டிகள் 525ஐத் தாண்டி நன்றாகவே கனக்கும்.

கூடவே 14 இலக்க உணவு உரிம எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பில்லையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஐஸ்கிரீமுக்கு ஜி.எஸ்.டி. 18லிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது.

4. கறக்கும் நேரத்துக்குப் போங்கள்

காலைக் கறவை ஐந்து, ஆறு மணிக்கு முடிந்துவிடும். அந்த நேரத்தில் கடை திறந்திருக்காது. ஆகவே சாயங்காலக் கறவைதான் நமக்குச் சரி. பல பண்ணைகளில் மூன்றரை, நாலு மணிக்குத் தொடங்கும். ‘ஹாலு கரெயோது எஷ்டொத்திகே அண்ணா?’ என்று கன்னடத்தில் கேட்டால் தொழுவத்தில் இருக்கும் அண்ணன் சந்தோஷமாகச் சொல்வார். தமிழிலேயே கேட்டாலும் பெரும்பாலும் புரிந்துவிடும். தேவனஹள்ளி பக்கம் என்றால் சனிக்கிழமை போங்கள். ஞாயிறு சாயங்காலம் நந்தி மலைக் கூட்டத்தோடு சேர்ந்து ஹெப்பாளில் நின்றால் பிள்ளைகள் அழுது தீர்த்துவிடுவார்கள்.

தொழுவத்துக்குள் சத்தம் கூடாது. மிரண்டால் மாடு சுரப்பு விடாது, பாலை அடக்கிக்கொள்ளும். அது அந்தக் குடும்பத்தின் அன்றைய வருமானம். பின்னால் போய் நிற்கக் கூடாது. மாடு பக்கவாட்டிலும் உதைக்கும், அதனால் அதன் கண்ணில் படும்படி முன்பக்கம் நிற்பதே நல்லது. வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருந்தால் செருப்போடு அதில் கால் வைத்துவிட்டு உள்ளே போங்கள். கோமாரி நோய் ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்கு நம் காலோடும் போகும்.

மெஷினைக் காம்பில் மாட்டியதும் கண்ணாடிக் குழாயில் பால் ஓடும் அந்த ஐந்தாறு நிமிடம் இருக்கிறதே, பிள்ளைகள் வாயைத் திறக்க மாட்டார்கள். முதலில் வெள்ளைக் கோடு போல விட்டுவிட்டு வரும், பிறகு குழாய் முழுக்க நிரம்பி ஓடும், கடைசியில் நுரையாகி நிற்கும். கறவை முடிந்ததும் காம்பை அயோடின் கலந்த பழுப்பு மருந்தில் முக்குவார்கள். அதையும் காட்டுங்கள்.

‘இந்தப் பால்தான் இப்போ நம்ம கப்புல வருமா?’ என்று கட்டாயம் கேட்பார்கள். வராது. பாலைக் காய்ச்சி, கிரீமும் சர்க்கரையும் பவுடரும் கலந்து, 4 டிகிரியில் சில மணி நேரமாவது ஊற வைக்க வேண்டும். பல இடங்களில் ராத்திரி முழுக்க வைப்பார்கள். இந்த ஊறலில்தான் கொழுப்பு இறுகி, பவுடர் தண்ணீரை உறிஞ்சி, கலவை வழவழப்பாகிறது. மறுநாள் கடைந்து, அதன்பின் ஆழ்குளிரில் இறுக வைக்கிறார்கள். ஆக, இன்றைக்குக் கறந்த பால் நாளைக்கோ மறுநாளோ ஐஸ்கிரீம். இதைத் தொழுவத்திலேயே சொல்லிவிட்டால் கடையில் ஏமாற்றம் இருக்காது.

5. கை கழுவிவிட்டுத்தான் கப்பைத் தொட வேண்டும்

சானிடைசர் போதாது. சாணமும் எச்சிலும் பட்ட கையில் அது சரியாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். நான் சோப்புத் துண்டும் இரண்டு லிட்டர் தண்ணீரும் காரிலேயே வைத்திருப்பேன். கன்றுக்குட்டிக்கு விரலைச் சப்பக் கொடுப்பது பிள்ளைகளுக்கு அத்தனை ஆசை, கொடுக்கட்டும். ஆனால் அதன்பின் முழங்கை வரை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதில் சலுகையே இல்லை.

6. வீட்டுக்குக் கொண்டுவருவது

நிறையப் பேர் பெட்டியைச் சுற்றி ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். வீட்டுக்கு வருவதற்குள் பாயசமாகிவிடுகிறது. காரணம் எளிது: உருகும் ஐஸ் 0 டிகிரியில் இருக்கிறது. சர்க்கரை கலந்த ஐஸ்கிரீம் அதற்கும் கீழே, மைனஸிலேயே உருகத் தொடங்கிவிடுகிறது. பக்கத்தில் ஐஸ் இருந்தும் பயனில்லை.

உப்பு சேர்த்தால் கதை வேறு. மூன்று பங்கு உடைத்த ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு. கலந்ததும் குளிர் மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே இறங்கும். பானைக் குல்ஃபிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது இதைத்தான். தடித்த பிளாஸ்டிக் பையில் ஐஸையும் உப்பையும் போட்டு இறுகக் கட்டுங்கள். ஐஸ்கிரீம் பெட்டியைத் தனியாக இன்னொரு கவரில் போடுங்கள், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். இரண்டையும் தெர்மோகோல் பெட்டியில் வைத்து மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். ஊசி மருந்து வரும் பெட்டியை மருந்துக் கடையில் கேட்டால் தருவார்கள், அது கச்சிதமாக இருக்கும். வழியில் திறக்கவே கூடாது. உப்பு ஐஸைப் பிள்ளைகள் வெறுங்கையால் தொட விடாதீர்கள், தோல் பொத்துப்போகும்.

உலர்பனி, அதாவது டிரை ஐஸ், இதைவிடக் குளிர்ச்சி: மைனஸ் 78 டிகிரி. ஆனால் அது கரியமில வாயுவாக மாறி மூடிய காருக்குள் நிறையும். பிள்ளைகளோடு போகும்போது எனக்கு அது வேண்டவே வேண்டாம்.

உருகிவிட்டால் திரும்ப உறைய வைக்காதீர்கள். காற்று போய், பெரிய பெரிய ஐஸ் துகள்களாக இறுகும். கிருமிக்கும் அது வசதி. அன்றைக்கே மில்க் ஷேக் போட்டுக் குடித்துவிடுங்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்தவர்கள் அதிகம் கேட்டது பச்சைப் பாலைப் பற்றி. பண்ணையில் நுரை அடங்காத பாலை டம்ளரில் பிடித்து அன்போடு நீட்டுவார்கள். என் மாமனார் ‘நாங்க எல்லாம் இப்படிக் குடிச்சு வளர்ந்தவங்கம்மா’ என்பார். நானும் ஒவ்வொரு முறையும் ‘வேண்டாம் மாமா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் காய்ச்சித் தரேன்’ என்றுதான் சொல்கிறேன். காய்ச்சாத பாலில் புருசெல்லா, காசநோய்க் கிருமி, ஈ.கோலை எல்லாம் வரலாம். ஆரோக்கியமாகத் தெரியும் மாட்டிலிருந்தும் வரலாம். பண்ணைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். அரை லிட்டர் காசு கொடுத்து வாங்கிக்கொண்டால் அவருக்கும் திருப்தி. ஐஸ்கிரீமுக்கும் பாலைக் காய்ச்சித்தான் செய்கிறார்களா என்று இதே பேச்சில் கேட்டுவிடலாம்.

பால் ஒத்துக்கொள்ளாத பெரியவர்களை என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்குச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு சின்னக் கரண்டி தாங்கும். பால் சர்க்கரையைச் செரிக்க உதவும் லாக்டேஸ் மாத்திரையும் மருந்துக் கடையில் கிடைக்கிறது. சர்க்கரை நோய்க்கோ வேறெதற்கோ மருந்து சாப்பிடுபவர் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். பால் ஒவ்வாமை என்பது வேறு. அது உள்ள குழந்தைக்கு ஒரு துளியும் கூடாது. அந்தக் கடையில் மாம்பழ ஐஸ் கேட்டாலும் அதே கரண்டியால்தான் எடுப்பார்கள், ஆகவே அந்தக் குழந்தைக்கு வீட்டிலிருந்தே ஏதாவது செய்து எடுத்துப் போங்கள்.