ரிமோட் டெஸ்க்டாப்பில் தேதி குழம்புகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலரும் தங்கள் கணினியிலிருந்து ஒரே விண்டோஸ் சர்வரில் இணைந்து வேலை செய்ய உதவுவது ரிமோட் டெஸ்க்டாப். அந்த சர்வரில் அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து, கண்ட்ரோல் பேனலின் ரீஜன் பகுதியில் தேதியை நாள், மாதம், ஆண்டு என்று மாற்றிவிட்டு, எல்லாருக்கும் மாறிவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. அந்த மாற்றம் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கோடு நின்றுவிடும். தேதி வடிவத்தை விண்டோஸ் ஒவ்வொரு பயனரின் புரொஃபைலிலும் (அவருக்கான அமைப்புகளின் தொகுப்பு) தனித்தனியாக வைத்திருக்கிறது. சர்வர் ஒன்றுதான் என்றாலும், ஐம்பது பேர் வேலை செய்தால் அமைப்புகளும் ஐம்பது.

சரி, அதே ரீஜன் பகுதியில் உள்ள 'காப்பி செட்டிங்ஸ்' பட்டனை அழுத்தினால்? அது வெல்கம் ஸ்கிரீனுக்கும், இனிமேல் உருவாகப்போகும் புரொஃபைல்களுக்கும் மட்டும்தான். ஏற்கெனவே இருக்கும் பயனர்களைத் தொடாது. அவர்களுக்கு, பல பயனர்களுக்கும் அமைப்புகளை ஒரே இடத்திலிருந்து அனுப்பும் குரூப் பாலிசி பிரிஃபரன்ஸில் உள்ள ரீஜனல் ஆப்ஷன்ஸ்தான் நல்ல வழி. அங்கே ஒரு நுணுக்கம் உண்டு: சிவப்புக் கோடிட்ட புலங்களில் என்ன நிரப்பினாலும் பயனரிடம் போய்ச் சேராது. எஃப்6 அழுத்தி அந்தப் புலத்தைப் பச்சைக்கு மாற்ற வேண்டும். பாலிசியை சர்வர்கள் இருக்கும் ஓயூவில் (கணக்குகளையும் கணினிகளையும் பிரித்து வைக்கும் தொகுதி) இணைத்திருந்தால், அதிலுள்ள பயனர் அமைப்புகள் அங்கே நுழைபவர்களுக்கும் பொருந்தும்படி செய்யும் லூப்பேக்கையும் இயக்குங்கள்.

"தேதி மாறித் தெரிந்தால் என்ன, பார்வைக்குத்தானே?" என்று விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க அமைப்பில் இருக்கும் ஒருவர், நாள் முதலில் வரும்படி எழுதிய சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த தரவுக் கோப்பு) எக்செலில் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25/04/2025 என்பதில் 25ஆம் மாதம் கிடையாது, அதனால் அது வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். அது கண்ணில் பட்டுவிடும். 03/04/2025 அப்படியல்ல. ஏப்ரல் 3 சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருந்தால் தவிர, நாள் 12-ஐத் தாண்டாத எல்லாத் தேதிக்கும் இதே கதி. சேமித்தபின் அமைப்பைத் திருத்தினாலும் பயனில்லை. உள்ளே பதிவாகியிருப்பது மார்ச் 4தான். மூலக் கோப்பைச் சரியான அமைப்பில் மறுபடி திறக்க வேண்டும்.

மாற்றம் செய்த பிறகு, ரிமோட் டெஸ்க்டாப் ஜன்னலின் பெருக்கல் குறியை அழுத்தி மூடுவது சைன் அவுட் ஆகாது. செஷன், அதாவது பயனர் நுழைந்து தொடங்கிய வேலை, சர்வரில் அப்படியே இருக்கும். மறுபடி இணைந்தால் பழைய செஷனே திறக்கும், அதில் திறந்திருந்த நிரல்கள் பழைய வடிவத்தையே காட்டக்கூடும். முழுமையாக சைன் அவுட் செய்யச் சொல்லுங்கள்.

சிஸ்டம் லொக்கேலை மாற்றிப் பார்ப்பதும் வீண் வேலை. அது யூனிகோட் அல்லாத பழைய நிரல்களின் எழுத்துக்கானது. டைம் சோன் ரீடைரக்‌ஷனும் அப்படித்தான்: பயனரின் கணினியில் உள்ள நேர மண்டலத்தை செஷனுக்குக் கொண்டுவந்து நேரத்தை மாற்றும், தேதி எழுதும் முறையை மாற்றாது.

அப்புறம், ரிப்போர்ட்டில் மட்டும் தேதி தவறினால் பயனர் அமைப்பைக் கிளற வேண்டாம். பின்னணிச் சேவைகள் வேறு கணக்கில் ஓடுகின்றன. தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வரோ, அதில் நுழையும் லாகின் கணக்கின் மொழியை வைத்து முதலில் வருவது நாளா மாதமா என்று முடிவெடுக்கும். வினவல்களில் தேதியை மேற்கோள் குறிக்குள் '20250403' என்று எழுதினால் எந்த மொழியிலும் அது ஏப்ரல் 3தான்.