ரோசின் வாங்கும்போது தந்தியின் பருமனையும் ஊரின் வெயிலையும் பாருங்கள்

பைன் மரப் பிசினிலிருந்து டர்பன்டைன் எண்ணெயை வடித்த பின் எஞ்சும் கட்டியே ரோசின். வயலின் போன்ற கருவிகளின் வில்லில் கட்டிய குதிரைவால் மயிரில் அதைத் தேய்த்தால், மயிர் தந்தியைப் பற்றி இழுத்து, தந்தி தாங்காத கணத்தில் நழுவவிடுகிறது. மேற்கத்திய முறையில் சுருதி சேர்த்த வயலினின் ‘ஏ’ தந்தியில், விரல் வைக்காமல் வாசிக்கும்போது, இது நொடிக்கு 440 முறை நிகழ்கிறது; வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய கருவியான டபுள் பாஸின் மிகத் தடித்த தந்தியிலோ ஏறத்தாழ 41 முறைதான். அந்தத் தடித்த தந்தியை அசைக்க ஒட்டும் தன்மை மிகுந்த, மிருதுவான ரோசின் வேண்டும். வயலினுக்குக் கெட்டியானதே போதும். அளவில் இவற்றுக்கு நடுவிலுள்ள வயோலாவும் செல்லோவும் இதிலும் இடையில் நிற்கின்றன. செல்லோ பாஸின் பக்கம் சற்றுச் சாயும்.

வெளிர்நிறம் கெட்டி, கருநிறம் மிருது என்பது பொதுவாகச் சரிதான் என்றாலும், நிறத்தை மட்டும் நம்பி நான் வாங்குவதில்லை. கட்டியின் ஓரத்தில் நகத்தை அழுத்திப் பார்க்கிறேன்: கெட்டியானது தடம் வாங்காமல் பொடியாக உதிரும், மிருதுவானதில் நகத்தின் பள்ளம் அப்படியே பதியும்.

எங்கள் தருமபுரியில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 38 டிகிரியைத் தொடும். மூடிய காருக்குள் அதைவிடக் கூடுதல். ஒருமுறை பாஸ் ரோசினை அதன் கிண்ணத்தோடு பக்கவாட்டில் சாய்த்து வைத்துவிட்டு மதியம் முழுதும் காரிலேயே விட்டேன். மாலையில் அது தேன்போல் வழிந்து பெட்டியின் வெல்வெட்டில் ஒட்டியிருந்தது. கறை இன்றும் போகவில்லை. ஆகவே இங்கே கோடையில் வயலினுக்குக் கெட்டியான வெளிர் ரோசினே என் தேர்வு. சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில், மார்கழிக் காலையில் வாசிப்பவருக்கு அதே கட்டி பிடிப்பில்லாமல் போகலாம். அவர் சற்று மிருதுவானதை வைத்திருப்பது நல்லது.

கர்நாடக இசையில் கமகத்துக்காக விரல் தந்தியில் வழுக்கிச் செல்லும். வில்லோ இடைவிடாமல் ஓடும். அங்கே ரோசின் மிகுந்தால் ஸ்வரத்தோடு ‘உஸ்’ என்ற இரைச்சலும் ஒலிவாங்கியில் ஏறும். தினமும் மூன்று நான்கு முறை முழு வில்லைத் தேய்த்தால் போதும். புதிதாக மயிர் கட்டிய வில்லுக்கு மட்டும் நிறையத் தேய்க்க வேண்டும். புதுக் கட்டியின் வழவழப்பான மேற்பரப்பை மெல்லிய உப்புத்தாளால் லேசாகக் கீறிக்கொண்டால் அந்த வேலை சீக்கிரம் முடியும். வாசித்து முடித்ததும் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் மரப் பாலம்) அருகில் படியும் வெள்ளைப் பொடியை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். ஸ்பிரிட் பட்டால் வார்னிஷ் கெடும். நாட்டுமருந்துக் கடைக் குங்கிலியம் வேறு மரத்துப் பிசின். மலிவென்று அதை வில்லில் தேய்க்காதீர்கள்.

ரோசினை மாற்றினால் பழைய படிவு மயிரில் சில நாட்கள் தங்கியிருக்கும். அதனால் மயிரை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஒரு வாரமாவது வாசித்துப் பார்த்த பிறகே புதியது உங்கள் வில்லுக்குப் பொருந்துகிறதா என்று முடிவு செய்யுங்கள்.