வீட்டுக்குப் பின்னால் ராத்திரியில் தண்டவாள வேலை நடந்தால் என்ன செய்யலாம்?

சென்னை கடற்கரை–செங்கல்பட்டு தடத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். கடைசி மின்சார ரயில் போன கொஞ்ச நேரத்தில் ஜல்லி கொட்டும் சத்தம், விசில், அப்புறம் ஜல்லியை இறுக்கும் அந்த டாம்பிங் மெஷின். பகலில் அடுத்தடுத்து வண்டி ஓடும் தடத்தில் ஆட்களை இறக்க முடியாது, அதனால்தான் நள்ளிரவுக்கு மேல் லைன் பிளாக் (சில மணி நேரம் அந்தத் தடத்தில் வண்டி விடாமல் வைக்கும் அனுமதி) வாங்கி, விடியற்காலை முதல் வண்டிக்குள் முடிக்கப் பார்க்கிறார்கள். வண்டியையே நிறுத்திவிட்டு வேலை செய்தால் அதன் விலை வேறு: கடற்கரை–எழும்பூர் நாலாவது பாதைக்காக 2023 ஆகஸ்டில் நிறுத்திய கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் 2024 அக்டோபரில்தான் திரும்ப ஓடியது.

அதனால் 'வேலையை நிறுத்து' என்று மனு எழுதாதீர்கள். எதைக் குறைக்க முடியுமோ அதைக் கேளுங்கள். ஜெனரேட்டரை வீடுகளிலிருந்து தள்ளி வைக்கலாம், விளக்கைப் படுக்கையறை ஜன்னலில் அடிக்காமல் திருப்பலாம், தளவாடங்களை லாரியிலிருந்து பத்து மணிக்கு முன்பே இறக்கலாம், எந்தெந்த ராத்திரி வேலை என்று தெருவில் ஒரு நோட்டீஸ் ஒட்டலாம். இவை எதற்கும் லைன் பிளாக் தேவையில்லை, ஆனால் பாதித் தூக்கம் கெடுவது இவற்றால்தான்.

யாரிடம் கேட்பது? பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய், அந்தப் பகுதித் தண்டவாளத்தைப் பார்க்கும் பொறியாளர் அலுவலகம் எங்கே என்று விசாரியுங்கள். தனியாகப் போகாமல் நாலு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு, தேதி, மணி, எந்தச் சத்தம் என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை, குடியிருப்புப் பகுதியில் அப்போது வரம்பு 45 டெசிபல். சத்தம் போடும் கட்டுமான இயந்திரங்களை அந்த நேரத்தில் குடியிருப்புப் பகுதியில் இயக்கக் கூடாது என்றும் இருக்கிறது. மனுவில் இதைக் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அடுத்த மாதங்களின் வேலைத் திட்டத்தைக் கேட்கலாம், பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு.

ஆத்திரத்தில் தண்டவாளத்தில் இறங்கிச் சண்டைக்குப் போகாதீர்கள். இருட்டில் உயிருக்கே ஆபத்து, அத்துமீறினால் ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

வீட்டுக்குள், திரைச்சீலையை நம்பாதீர்கள், சத்தம் வருவது ஜன்னல் இடுக்கு வழியாக. அங்கே ஃபோம் டேப் ஒட்டுங்கள். குழந்தையையும் வயதானவர்களையும் அந்த நாட்களில் மறுபக்க அறையில் படுக்க வையுங்கள். டாம்பிங் மெஷினின் அதிர்வு தரை வழியாக வருவதால் காதில் பஞ்சு வைத்தாலும் முழுசாக நிற்காது.

கடைசியாக ஒன்று, வேலை தொடங்கும் முன்பே செய்ய வேண்டியது. சுவரில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களைப் படம் எடுத்து, ஒவ்வொரு விரிசலும் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பிறகு அது கோட்டைத் தாண்டினால், அந்தப் படத்தோடு மனு கொடுக்கலாம்.