மூடிப்போன ரயிலடியின் கதையைத் தேட

எங்க பக்கம் திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியா திசையன்விளைக்கு ஒரு சின்ன ரயில் ஓடியது. பாரி கம்பெனி அந்த ரயிலை 1914இல் தொடங்கியது, 1940இல் அது நின்றுபோனது. தண்டவாளத்தின் அகலம் வெறும் 2 அடி.

இப்படியொரு ரயிலடியைத் தேடுகிறவர்கள் முதலில் பழைய கிரயப் பத்திரங்களைக் கேளுங்கள். ஆவணக் காப்பகத்துக்குப் பிறகு போகலாம். பத்திரத்தில் 'நான்கு மால்', அதாவது நிலத்தின் நாலு பக்க எல்லை, எழுதியிருக்கும் இடத்தில் "ரயில் ரோட்டுக்குக் கிழக்கு" என்று ஒரு வரி கிடைத்தால் போதும், பாதை எந்தப் பக்கம் போனதென்று பிடிபட்டுவிடும். அந்த நிலத்தின் புல எண்ணை (சர்வே நம்பர்) குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடம் பாருங்கள். நீளமாய், ஒடுக்கமாய் நாடா மாதிரி கிடக்கும் துண்டுகளைத் தொடருங்கள்.

அடுத்து பெரியவர்கள். "ஸ்டேஷன் எங்கே இருந்தது?" என்று கேட்டால் தெரியாது என்பார்கள். "ஆச்சி, ஒங்க அம்மா திருச்செந்தூருக்கு எதுல போவாவ? எங்க ஏறுவாவ?" என்று கேளுங்கள். ரயிலைக் கண்ணால் கண்டவர்கள் தொண்ணூறு தாண்டியவர்கள், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். பேசும்போது குறிப்பெடுக்க வேண்டாம், செல்போனில் பதியுங்கள், அனுமதி கேட்டுத்தான்.

கடைசியாக வெயில் தாழ நடந்து பாருங்கள். தேரிக்காட்டுச் செம்மணல் எதையும் மூடிவிடும். ஆனால் பழைய கல் பாலம் ஏதும் இருந்தால் ஓடைப் பக்கம்தான் கண்ணில் படும்.