லீவு முடிவதற்குள் இறப்புச் சான்றிதழ்

அம்மா தவறியபோது வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வர எனக்குக் கிடைத்தது 12 நாள் லீவு. அதில் அரை நாளைத் தாராபுரம் பக்கம் எங்கள் ஊர் வி.ஏ.ஓ. ஆபீஸ் திண்ணையில் கழித்தேன். அவர் வந்ததும் கேட்டது ஒரே கேள்வி: "அம்மா எங்கீங்க தவறுனாங்க?" கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் என்றேன். "அப்ப நம்மகிட்ட வராதுங்க, கார்ப்பரேசன்ல கேளுங்க."

விசாரிக்காமல் போனது என் தப்பு. இறப்பு பதிவாவது உயிர் பிரிந்த இடத்தில்தான். சொந்த ஊர் எது, எங்கே எரித்தோம் என்பதெல்லாம் கணக்கில் வராது. கிராமத்து வீட்டில் தவறினால் வி.ஏ.ஓ.விடம் சொல்ல வேண்டும். நகரம் என்றால் நகராட்சி, மாநகராட்சி சுகாதாரப் பிரிவு. ஆஸ்பத்திரி என்றால் தகவல் அனுப்புவது அவர்கள் பொறுப்பு.

21 நாளுக்குள் சொல்லிவிட்டால் கட்டணம் கிடையாது, தகவல் கொடுத்தவருக்கு முதல் சான்றிதழும் இலவசம். பதினாறாம் நாள் காரியத்துக்கு அப்புறமும் ஐந்து நாள் இருக்கும். 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதையும் விட்டால் எழுத்து மூலம் அனுமதி, நீங்களே கையெழுத்திட்டுச் சான்றளித்த ஆவணம். ஒரு வருஷம் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும்.

இந்த நாள் கணக்கை விடப் பெரிய தலைவலி பேர். ஊரே அம்மாவைப் பொன்னாத்தா என்றது. ரேஷன் கார்டில் பொன்னாத்தாள். ஆதாரிலும் பேங்கிலும் பொன்னம்மாள். ஆம்புலன்ஸில் கூடப் போன மாமன், அட்மிஷனில் கேட்டதும் வாயில் வந்த பொன்னாத்தாவைச் சொல்லிவிட்டார். அதுவே சான்றிதழில் ஏறியது. திருத்துவதற்கு அடுத்த வருஷ லீவும் போனது. ஆண்கள் பேரும் லேசில்லை. பழனிசாமி, பழனிச்சாமி, பழனிஸ்வாமி என்று ஒரே ஆள் பேரை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். பழைய கிரயப் பத்திரத்தில் கூடவே ஒரு 'கவுண்டர்'. அதனால் இறந்தவரின் ஆதார் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் பேரை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தகவல் படிவத்தை அனுப்பும் முன் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். துக்க வீட்டுக்காரர் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

இன்னொன்று, இறப்புச் சான்றிதழில் எதனால் இறந்தார் என்பது இருக்காது. சட்டமே அதை வெளியிடக் கூடாது என்கிறது. வெளிநாட்டு இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பதோ அதைத்தான். மரணக் காரணம் எழுதிய மருத்துவச் சான்றை ஆஸ்பத்திரியிலேயே கேட்டு வாங்குங்கள். அதற்குக் காசு வாங்கக் கூடாது.

தாத்தா, பாட்டி காலத்துச் சான்றிதழ் தேடுகிறவர்களுக்கு மாவட்டம் குழப்பும். 1985இல் தாராபுரத்தில் நடந்த இறப்பு அன்றைய பெரியார் மாவட்டக் கணக்கு. அது பிறகு ஈரோடு மாவட்டமானது; 2009இல் தாராபுரம் திருப்பூர் மாவட்டத்துக்குப் போனது. கிராமத்துப் பழைய பதிவேடு வி.ஏ.ஓ.விடம் இல்லையென்றால் தாலுகா ஆபீஸ், சார்பதிவாளர் ஆபீஸ் இரண்டிலும் கேளுங்கள். எங்குமே கிடைக்காவிட்டால் 'பதிவு இல்லை' என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோட்டாட்சியரிடம் போகும்போது அந்தக் காகிதம் வேண்டும்.

நீங்கள் இருக்கும் நாட்டில் காட்டுவதற்கு, வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வேறு நாடுகள் ஏற்கும் சான்று) தேவைப்படலாம். சிங்கப்பூர் 2021இலும் கனடா 2024இலும் அந்த முறைக்கு வந்துவிட்டன. எத்தனை பிரதி, எந்த முத்திரை என்று அங்கேயே கேட்டுக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

பட்டா மாற்றவும் பேங்க் பணம் எடுக்கவும் வாரிசுச் சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கொடுப்பவர் தாசில்தார். வெளிநாட்டில் இருக்கும் அக்கா, தம்பி என எல்லா வாரிசுகளின் அடையாள நகலையும் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் வாங்கிவிடுங்கள். இதற்கு மட்டும் இறந்த இடம் பேச்சே இல்லை, குடியிருந்த ஊர்தான் கணக்கு. விசாரணைக்கு வந்தவர் அதே வி.ஏ.ஓ.தான். "இப்பச் சரியா வந்துட்டீங்க" என்றார்.