தாள் திரும்பும் இடம்: மர்மக் காமிக்ஸ் தொடரின் முதல் இதழைத் தயாரிப்பது எப்படி

ஏழு ஏ4 தாள்களை எடுத்து நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மடிப்பில் இரண்டு ஸ்டேப்ளர் பின் அடியுங்கள். 28 பக்க ஏ5 புத்தகம் கிடைக்கும்: அட்டை 4, உள்பக்கம் 24. கதையில் ஒரு வரி எழுதும் முன்பே இந்த வெற்றுப் புத்தகம் கையில் இருக்க வேண்டும். காமிக்ஸில் மர்மம் தங்கும் இடம் தாள் திரும்பும் இடம்தான். கணினித் திரையில் உருட்டி உருட்டிக் கதை அமைத்தால் அது கண்ணுக்குப் படாது.

உள்பக்கங்களுக்கு எண் போடுங்கள். ஒற்றைப்படை வலப்பக்கம், இரட்டைப்படை இடப்பக்கம். 6ஆம் பக்கமும் 7ஆம் பக்கமும் ஒரே நேரத்தில் கண்ணில் விழும். 6இல் எழும் கேள்விக்கு 7இல் பெரிய படமாக விடை வைத்தால், வாசகர் கேள்வியைப் படிக்கும் முன்பே விடையைப் பார்த்துவிடுவார். முதல் இதழ்களைக் கெடுக்கும் பிழைகளில் இதுவே முதலாவது. கேள்வி ஒற்றைப்படைப் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் எழட்டும்; விடை தாளின் மறுபுறம் காத்திருக்கட்டும். கதைக்கு 22 பக்கம் என்றால் 11 திருப்பங்கள் கிடைக்கும். அவற்றில் நான்கைந்தில் அதிர்ச்சி போதும். ஒவ்வொரு தாளிலும் திடுக்கிட வைத்தால் பாதியிலேயே வாசகருக்குப் பழகிவிடும்.

அடுத்தது கதை. முதல் இதழுக்கு ஒரே ஒரு விசித்திரம் போதும். மற்றதெல்லாம் வாசகருக்கு நன்றாகத் தெரிந்த உலகமாக இருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. ஆண்டுதோறும் பிப்ரவரி 15, மாலை 6.20க்குத் தீவெங்கும் அபாயச் சங்கு ஒலிக்கிறது. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்ததை நினைவூட்டும் ஒலி அது. அதே சங்கு, மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் 6.20க்கு ஒலிக்கிறது. அதன் பிறகு சூரியன் நகரவில்லை. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே பொழுது சாய்வதால், எட்டு மணி காட்டும் கடிகாரத்தையும் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடியில் வெயில் விழும் வெற்றுத்தளத்தையும் ஒரே கட்டத்தில் வரைந்தாலே போதும். விளக்கப் பெட்டி தேவையே இல்லை.

ஆனால் காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பூமியின் சுழற்சி நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ள முடியாது. நிலநடுக்கோட்டருகே நிலம் மணிக்கு ஏறக்குறைய 1,670 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது, திடீரென்று நின்றால் அடுக்குமாடி புளோக்குகளும் மனிதர்களும் கிழக்கே வீசியெறியப்படுவார்கள், கதை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடும். ஆகவே பூமி சுழல்கிறது, தெரியும் ஒளிதான் பொய் என்று ஒரு விதி வகுத்துத் தனி நோட்டில் எழுதி வையுங்கள். விதி இருந்தால் துப்புகள் தாமாக வரும். 6.20க்குத் தீவின் வடகிழக்கே உள்ள பொங்கோல் கரையில் நிறைந்து நின்ற கடல், ஆறு மணி நேரம் கழித்து வற்றிப் பாசிக் கற்களைக் காட்டும். சூரியன் நின்றாலும் கடல் தன் கணக்கை விடவில்லை. இதை யாரும் பேசக் கூடாது. பின்னணியில் மட்டும் வரையுங்கள்.

நிழலும் அப்படித்தான். மார்ச் மாதம் 6.20க்குச் சூரியன் மேற்கே தாழ்ந்திருக்கும். நிழல் கிழக்கே, பொருளின் உயரத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு நீளத்துக்கு விழும். சங்கு ஒலித்த பிறகு வரும் எல்லாக் கட்டத்திலும் அதே திசை, அதே நீளம். ஒரு கட்டத்தில் தவறினாலும் கூர்ந்து பார்க்கும் வாசகர் அதைத் துப்பு என்று எடுத்துக்கொள்வார். புளோக்கின் வரைபடத்தில் மேற்குத் திசையைக் குறித்து, மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

வசனத்தில் படம் காட்டுவதைத் திருப்பிச் சொல்லாதீர்கள். "மணி எட்டாச்சு, ஏன் இன்னும் வெயிலடிக்குது?" என்பது வீண். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி தொங்குகிறது. "பாட்டி, துணிய இன்னும் எடுக்கலையா?" "காயட்டும்டா, வெயில் நல்லாத்தானே இருக்கு." பயம் இங்கேதான் இருக்கிறது.

எழுத்துகளை முதலில் வைத்து, வசனத்தைச் சூழும் பலூனைப் பிறகு வரையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. முன்கூட்டியே வரைந்த வட்டத்துக்குள் அவற்றைத் திணித்தால் "வந்தே" ஒரு வரியிலும் "ன்" அடுத்த வரியிலும் உடைந்து நிற்கும். மெய்யெழுத்தில் வரி தொடங்கவே கூடாது. அகலமான நீள்வட்டமே தமிழுக்குப் பொருந்தும். ஒரு பலூனுக்கு 12 சொல், ஒரு கட்டத்துக்கு 20 சொல்லுக்குமேல் வேண்டாம். ஏ5 அளவில் எழுத்து 8.5 பாயிண்டுக்குக் கீழே போனால் ணு, ஞூ போன்றவற்றின் சுழிகள் மையில் அடைபடும். மேலே புள்ளி, கீழே சுழி இருப்பதால் வரி இடைவெளி எழுத்தளவில் 125 முதல் 130 விழுக்காடு இருக்கட்டும். பாலூ தம்பி, கவிவனர் இரண்டும் இலவச எழுத்துருக்கள், பலூனுக்குப் பொருந்துபவை. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் "கொ" பிரிந்து கொம்பு இடம் மாறும். இலவச வரைகலை மென்பொருளான இன்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லை இல்லை. சங்கின் "ஊஊஊ" ஒலியை மட்டும் எழுத்துருவில் போடாமல் கையால் வரையுங்கள். அது கட்டத்தின் எல்லையைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் நுழைய வேண்டும்.

கடைசிக் காட்சி 22ஆம் பக்கம். அது இடப்பக்கமாதலால் தாளைத் திருப்பியதும் கிடைக்கும். எதிரே இருக்கும் 23ஐ முழுக் கறுப்பாக விடுங்கள். நன்றியுரையையோ விளம்பரத்தையோ அங்கே வைத்தால் காட்சியின் வலு போய்விடும். அவற்றுக்கு 24ஆம் பக்கம் இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் சங்கு யார் ஊதியது என்று சொல்லிவிடாதீர்கள். பாட்டியின் நிழல் மட்டும் மேற்கே விழட்டும்.

ஏ4 அளவில் வரைந்து ஏ5க்குச் சுருக்குங்கள். கோட்டோவியம் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கான புள்ளிகள்), வண்ணம் 300. நான்கு பக்கமும் வெட்டுக்காக 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள்; எழுத்து வெட்டுக்கோட்டிலிருந்து 5 மி.மீ., மடிப்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே இருக்கட்டும். எழுத்துக்கு வெறும் கறுப்பு மை. முழுக் கறுப்புப் பக்கத்துக்குக் கறுப்புடன் 40 விழுக்காடு சியான் (வெளிர்நீல) மை. உள்தாள் 120 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) குறையக் கூடாது. 80 ஜிஎஸ்எம் தாளில் மறுபக்கத்துக் கறுப்பு ஊடுருவித் தெரியும். அத்தனை கவனமாக ஒளித்த திருப்பம் தாளுக்குள்ளேயே அம்பலமாகும். அட்டைக்கு 250 ஜிஎஸ்எம். சிங்கப்பூரின் சன்ஷைன் பிளாசாவிலோ பிராஸ் பசா காம்ப்ளெக்ஸிலோ உள்ள அச்சகத்தில் முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, எல்லாத் தாளையும் திருப்பிப் பார்த்த பிறகு மீதியை அச்சிடச் சொல்லுங்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே வரைபவருக்கு வாரம் இரண்டு பக்கம் நியாயமான கணக்கு. 22 பக்கத்துக்கு 11 வாரம். இரண்டாம் இதழின் பக்க அமைப்பு முடியும்வரை அதன் தேதியை அட்டையில் அறிவிக்காதீர்கள். இதழ் வெளியான நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதிகளைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். அந்த இரண்டையும் சேர்த்தே அச்சு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.